90 சதவீதக் கடன் கோடு: ஒரு கிளாஸ் அசைன்மென்ட் புரட்டிப் போட்ட கணக்கு

பப்ளிக் பாலிசி, அரசாங்கம், அரசியல் இதையெல்லாம் ஆராய பல்கலைக்கழகத்துக்குள்ள தனியா ஒரு சென்டர் எதுக்கு, டிபார்ட்மென்ட் இருந்தா பத்தாதானு கேக்குறவங்களுக்கு நான் எப்பவும் எடுத்துக் காட்டுற கேஸ் ரைன்ஹார்ட் ரோகாஃப் விவகாரம்தான். 2013ல அமெரிக்காவுல நடந்தது. நிறைய பேருக்கு இது "ஹார்வர்ட் ப்ரொஃபசருங்க எக்செல்ல தப்பு பண்ணிட்டாங்க"ங்கிற ஒரு வரிச் செய்தியா மட்டும்தான் தெரியும். அந்த ஒரு வரி பாதி உண்மைதான். ஏன்னா இருக்குற பிரச்சனைங்கள்லயே சின்னது அந்த எக்செல் தப்புதான், பெருசு எதுன்னா யாருமே தப்புனு சுட்டிக் காட்ட முடியாத மாதிரி உள்ள இருந்த ரெண்டு முடிவுகள். அதைக் கண்டுபிடிச்சது அரசாங்கமோ ஐஎம்எஃப்போ இல்ல, ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்து மாணவர். அவருக்குப் பின்னாடி ஒரு ரிசர்ச் சென்டர் இருந்துச்சு. அது எப்படி நடந்துச்சுனு முழுசா பாக்கலாம்.

முதல்ல பேப்பர். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ரெண்டு பேருமே சாதாரண ஆளுங்க இல்ல, பல நூற்றாண்டுகளோட நிதி நெருக்கடி டேட்டாவை நாடு நாடா தேடிச் சேர்த்தவங்க, அந்த உழைப்புக்கு இன்னைக்கும் மரியாதை உண்டு. 2010 ஜனவரில ஒரு வொர்க்கிங் பேப்பரா, அதாவது ஜர்னல்ல அச்சாகுறதுக்கு முன்னாடி வெளிய விடுற வரைவா வந்து அதே வருஷம் மே மாசம் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூல அச்சானது அவங்க பேப்பர். 20 வளர்ந்த நாடுகள், 1946ல இருந்து 2009 வரைக்கும், அரசாங்கக் கடன் ஜிடிபில எத்தனை சதவீதம்னு பாத்து நாலு பிரிவா பிரிச்சாங்க: 30க்குக் கீழ, 30ல இருந்து 60, 60ல இருந்து 90, 90க்கு மேல. முதல் மூணு பிரிவுலயும் சராசரி வளர்ச்சி ஏறக்குறைய 3, 4 சதவீதம்னு ஓடுது. நாலாவதுல மட்டும் மைனஸ் 0.1. அதாவது கடன் 90ஐத் தாண்டிச்சுன்னா வளர்ச்சியே நின்னு போகுதுங்கிற மாதிரி ஒரு படம். இதே பேப்பர்லயே அந்தப் பிரிவோட இடைநிலை அளவு (மீடியன், வரிசையா அடுக்கினா நடுவுல வர்ற எண்) 1.6னும் இருக்கு, ஆனா அதை யாரும் தூக்கிட்டுப் போகல, மைனஸ் 0.1ஐத்தான் தூக்கிட்டுப் போனாங்க.

இங்க ஒரு விஷயத்த நல்லா கவனிக்கணும். அப்பல்லாம் அந்த மே மாச இதழ் அமெரிக்கன் எகனாமிக் அசோசியேஷனோட வருடாந்திர மாநாட்டுல படிச்ச பேப்பர்களைச் சேத்துப் போட்டது, மத்த இதழ்கள் மாதிரி நடுவர்கள் மாசக்கணக்குல உக்காந்து கேள்வி கேக்குற முறை அதுக்கு இருந்ததில்ல. அதோட நேரத்தையும் பாருங்க: 2010 பிப்ரவரிலயே, அதாவது பேப்பர் அச்சுல வர்றதுக்கு முன்னாடியே, பிரிட்டன்ல அப்ப எதிர்க்கட்சி வரிசைல இருந்த ஜார்ஜ் ஆஸ்போர்ன் மேய்ஸ் லெக்சர்ங்கிற தன்னோட பொருளாதார உரைல ரோகாஃப் பேரைச் சொல்லி இந்த 90 சதவீதத்தை எடுத்து வச்சுட்டாரு, சில மாசத்துல அவரே நிதியமைச்சர் ஆனாரு. அமெரிக்காவுல குடியரசுக் கட்சியோட பால் ரயன் தலைமைல கீழ்ச்சபைல வந்த பட்ஜெட் திட்டம் இந்த ஆய்வைத் தீர்மானமான ஆதாரம்னே சொல்லிச்சு. 2013 பிப்ரவரில ஐரோப்பியக் கமிஷனர் ஒல்லி ரேன் நிதியமைச்சர்களுக்கு எழுதின கடிதத்துல கூட 90க்கு மேல போனா பொருளாதாரம் மந்தமாகும்னு பரவலா ஏத்துக்கிட்டாச்சுங்கிற தொனிதான். கிரீஸ், ஸ்பெயின், போர்ச்சுகல்னு ஒவ்வொரு நாடா செலவை வெட்டிட்டு இருந்த நேரம் அது. அந்த வெட்டு எல்லாத்துக்கும் இந்தப் பேப்பர்தான் காரணம்னு சொன்னா அது மிகைதான், இது இல்லாட்டியும் வெட்டியிருப்பாங்க. ஆனா வெட்டுறவங்க கைல "ஆய்வே சொல்லுது"னு நீட்ட ஒரு எண் இருந்துச்சு, எதிர்த்துப் பேசுறவங்க கைல பதில் எண் இல்ல.

இப்ப ஆம்ஹெர்ஸ்ட். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தோட ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்துல பொலிட்டிக்கல் எகானமி ரிசர்ச் இன்ஸ்டிட்யூட், சுருக்கமா பெரினு ஒரு மையம் இருக்கு, ராபர்ட் போலினும் ஜெரால்ட் எப்ஸ்டீனும் 1998ல ஆரம்பிச்சது. போலினும் மைக்கேல் ஆஷும் நடத்தின எக்கனோமெட்ரிக்ஸ் (பொருளாதார டேட்டாவுக்கான புள்ளியியல்) கிளாஸ்ல ஒரு அசைன்மென்ட்: அச்சான ஒரு பேப்பரை எடுத்து, அதே டேட்டாவ வச்சு, அதே ரிசல்ட்ட மறுபடி போட்டுக் காட்டணும். அவ்வளவுதான், புதுசா எதுவும் கண்டுபிடிக்கத் தேவையில்ல. தாமஸ் ஹெர்ன்டன்ங்கிற முனைவர் பட்ட மாணவர், அப்ப 28 வயசு, ரைன்ஹார்ட் ரோகாஃப் பேப்பரை எடுத்தாரு. பொதுவுல கிடைக்குற டேட்டாவை வச்சு எவ்வளவு தடவ போட்டாலும் மைனஸ் 0.1 வரல.

இந்த எடத்துலதான் இந்தக் கேஸோட உயிரே இருக்குனு நான் நினைக்கிறேன். ஒரு மாணவருக்குக் கணக்கு வரலேன்னா மாணவர் தப்பாப் போட்டிருக்காருனுதானே யாரும் நினைப்பாங்க, போலினும் அப்படித்தான் நினைச்சதா அப்புறம் ராய்ட்டர்ஸ் கிட்ட சொன்னாரு. ஆனா மார்க்கப் போட்டு மூடி வைக்கல. திருப்பிப் போடு, திருப்பிப் போடுனு ஏறக்குறைய ஒரு மாசம் விரட்டி, செமஸ்டர் முடிஞ்சும் விடாம, கடைசில பையன் சொல்றதுதான் சரினு ஒத்துக்கிட்டாரு. டிகிரி மட்டும் குடுத்து அனுப்புற எடத்துல இதுக்கு நேரம் ஒதுக்க மாட்டாங்க. செமஸ்டர் முடிஞ்சா ஃபைல் முடிஞ்சுது. சென்டர்னு ஒண்ணு இருக்குறதால அந்த அசைன்மென்ட்டுக்குப் போய்ச் சேர ஒரு எடம் இருந்துச்சு, அது வொர்க்கிங் பேப்பராகலாம், சென்டர் பேர்ல வெளிய போகலாம், ப்ரொஃபசருங்க கூட எழுதலாம்.

ஹெர்ன்டன் ரைன்ஹார்ட்டுக்கும் ரோகாஃப்புக்கும் மெயில் போட்டு அவங்க உபயோகிச்ச ஃபைலையே கேட்டாரு. அவங்க அனுப்பினாங்க. இதுக்கு அவங்களைப் பாராட்டாம இருக்க முடியாது, நிறைய பெரிய ஆளுங்க மாணவர்கள் மெயிலுக்குப் பதிலே போடுறதில்ல, போட்டாலும் டேட்டா தர்றதில்ல. இவங்க ஃபைலைத் திறந்து காட்டலேன்னா இந்தக் கேஸே இல்ல.

அந்த எக்செல் ஃபைலைத் திறந்ததும் கண்ணுல பட்டது எல்ங்கிற நெடுவரிசை. சராசரி போடுற ஃபார்முலா 30ஆவது வரிசைல இருந்து 49 வரைக்கும் எடுத்திருக்கணும், ஆனா 44லயே நின்னுடுச்சு. நாடுங்க எல்லாம் ஆங்கில அகரவரிசைக்குத் தலைகீழா இருந்ததால விட்டுப்போன அஞ்சும் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க். தன் கண்ணையே நம்ப முடியலனும், அதனால சமூகவியல் படிக்குற தன் தோழியக் கூப்பிட்டு ஒரு தடவ பாக்கச் சொன்னதாவும் ஹெர்ன்டன் சொல்லியிருக்காரு.

இதோட நிறுத்தியிருந்தா இது வெறும் வேடிக்கைச் செய்தி. அவங்க நிறுத்தல. அந்த மைனஸ் 0.1 எப்படி வந்துச்சுனு ஒரு தடவ நீங்களே பேப்பர் பேனா எடுத்துப் போட்டுப் பாருங்க, அப்பதான் உறைக்கும். ஃபார்முலாவுல மிச்சம் இருந்த நாடுங்கள்ல 90க்கு மேல போனது ஏழு: கிரீஸ் 2.9, அயர்லாந்து 2.4, இத்தாலி 1.0, ஜப்பான் 0.7, பிரிட்டன் 2.4, அமெரிக்கா மைனஸ் 2.0, நியூசிலாந்து மைனஸ் 7.9. கூட்டினா மைனஸ் 0.5. ஏழால வகுத்தா மைனஸ் 0.07, அதாவது மைனஸ் 0.1. ஏழுல அஞ்சு நாடு வளர்ந்துட்டுதான் இருக்கு. மொத்த சராசரியையும் கீழ இழுத்துட்டுப் போறது முக்கியமா நியூசிலாந்து ஒண்ணுதான்.

சரி, அந்த நியூசிலாந்து எண் எத்தனை வருஷத்தோடது? ஒரே ஒரு வருஷம், 1951. அந்த வருஷம் அங்க துறைமுகத் தகராறு 151 நாள் நீடிச்சுது, நாடே முடங்கின வருஷம். உண்மைல அந்த வருஷ வளர்ச்சி மைனஸ் 7.6, ஷீட்டுல ஏறும்போது அதுவும் மைனஸ் 7.9 ஆயிடுச்சு. 1946ல இருந்து 49 வரைக்கும் கூட அங்க கடன் 90க்கு மேலதான், அந்த வருஷங்கள்ல வளர்ச்சி 7.7, 11.9, மைனஸ் 9.9, 10.8. இந்த நாலு வருஷமும் கணக்குல இல்ல. அஞ்சையும் சேத்தா நியூசிலாந்தோட சராசரி 2.6. மைனஸ் 7.9க்கும் 2.6க்கும் நடுவுல எவ்வளவு தூரம் பாருங்க! இதே மாதிரி ஆஸ்திரேலியா, கனடா ரெண்டுக்கும் 1946ல இருந்து 50 வரைக்கும் உள்ள வருஷங்கள் விடுபட்டிருந்துச்சு, அதுவும் கடன் அதிகமா இருந்தும் வளர்ச்சி நல்லா இருந்த காலம்தான்.

அடுத்தது எடை. பிரிட்டன் 1946ல இருந்து 1964 வரைக்கும் 19 வருஷம் 90க்கு மேல இருந்தும் சராசரியா 2.4 சதவீதம் வளர்ந்துச்சு. இந்தக் கணக்குல அந்த 19 வருஷமும் ஒரு ஓட்டு, நியூசிலாந்தோட ஒரு வருஷமும் ஒரு ஓட்டு. ஒரே ஒரு பரீட்சை எழுதி ஃபெயிலான பையனையும் 19 பரீட்சை எழுதிப் பாஸான பையனையும் சமமா வச்சு அந்த ஸ்கூலைப் பத்தி முடிவு பண்ற மாதிரி. அதே ஏழு நாடு, அதே எண்கள், ஒண்ணையும் மாத்தாம, வருஷத்துக்கு ஒரு ஓட்டுனு மட்டும் மாத்திப் போட்டுப் பாத்தேன், 71 வருஷம் வருது, சராசரி சுமார் 1.7 ஆகுது. எக்செல்ல விட்டுப்போன அஞ்சு நாட்டுல அவங்க எடுத்துக்கிட்ட வருஷங்கள்படி 90க்கு மேல போனது பெல்ஜியம் மட்டும்தான், அதை மட்டும் பழைய முறைப்படி எட்டாவதா சேத்தா மைனஸ் 0.1 போய் 0.3 கிட்ட வரும். ஆக, ஊரே பேசின எக்செல் தப்பு அரைப் புள்ளியக் கூட நகர்த்தல, எடை போட்ட விதம் அதைவிடப் பல மடங்கு நகர்த்துது. எல்லாத்தையும் சரி பண்ணி, விடுபட்ட வருஷங்களையும் சேத்து, மொத்தம் 110 வருஷத்துக்குப் போட்டா பெரிக்காரங்களுக்கு வந்தது 2.2. மத்த மூணு பிரிவும் 4.2, 3.1, 3.2. கடன் அதிகமா இருக்குற எடத்துல வளர்ச்சி குறைவுதான், அதை அவங்களும் மறுக்கல. ஆனா 90ல ஒரு பள்ளம் இருக்கு, தாண்டினா விழுந்துருவோம்ங்கிறது கணக்குல இல்ல.

2013 ஏப்ரல் 15ல ஹெர்ன்டன், ஆஷ், போலின் மூணு பேர் பேருலயும் பெரியோட வொர்க்கிங் பேப்பரா வெளிவந்துச்சு. மறுநாளே ரூஸ்வெல்ட் இன்ஸ்டிட்யூட்டோட மைக் கோன்சல் அதைப் பத்தி எழுத, எல்லாப் பக்கமும் பத்திக்கிச்சு. அடுத்த வாரம் ஸ்டீஃபன் கோல்பேரோட டிவி ஷோவுல ஹெர்ன்டன் உக்காந்திருந்தாரு. ரைன்ஹார்ட்டும் ரோகாஃப்பும் ஃபார்முலா தப்பை உடனே ஒத்துக்கிட்டாங்க. மத்த ரெண்டுக்கும் அவங்க பக்கம் பதில் இருந்துச்சு, அதையும் நியாயமா சொல்லணும். விடுபட்ட வருஷங்கள் வேணும்னே எடுத்தது இல்ல, அந்த நாடுகளோட பழைய டேட்டா அப்பதான் வந்துட்டு இருந்துச்சு, சரிபாக்காததால சேக்கலனு சொன்னாங்க. நாட்டுக்கு ஒரு ஓட்டுங்கிறதுக்கும் காரணம் இருக்கு, ஒரே நாட்டோட அடுத்தடுத்த வருஷங்கள் ஒண்ண ஒண்ணு ஒட்டியே போகும், அதைத் தனித்தனிச் சாட்சியா எண்ணினா கிரீஸும் பிரிட்டனுமே மொத்தக் கணக்கையும் பிடிச்சுக்கும். இது அபத்தமான வாதம் இல்ல, புள்ளியியல் படிச்சவங்க இதுல ரெண்டு பக்கமும் நிப்பாங்க. அதோட 2012ல வின்சென்ட் ரைன்ஹார்ட்டோட சேந்து எழுதின பேப்பர்ல 90க்கு மேல வளர்ச்சி 1.2 புள்ளிதான் குறையுதுனு அவங்களே சொல்லியிருந்தாங்க, மைனஸெல்லாம் அதுல இல்ல.

என் வருத்தம் வேற எடத்துல. எந்த எடை போடுறோம், ஏன் போடுறோம், எந்த வருஷங்கள் இன்னும் வரல, இது எதுவுமே முதல் பேப்பர்ல விளக்கமா இல்ல. ஒரு வரி, "நியூசிலாந்துக்கு ஒரே ஒரு வருஷம்தான் கிடைச்சிருக்கு"னு ஒரே ஒரு வரி இருந்திருந்தா படிக்குற எந்தப் பொருளாதார மாணவனுக்கும் உடனே தட்டியிருக்கும், எந்த அமைச்சரோட ஆலோசகருக்கும் தட்டியிருக்கும். தப்பா டைப் பண்றது எல்லார் கைலயும் நடக்கும். படிக்குறவங்க சரிபாக்குறதுக்கு வழியில்லாம எண்ணை மட்டும் வெளிய விட்டதும், 2012ல கிடைச்ச மிதமான எண் பின்னாடி போய் 2010ஓட எண்ணே அரசியல் மேடைல ஓடிட்டு இருந்ததும்தான் சேதம் பண்ணிச்சு.

காரண காரியம்னு இன்னொரு பெரிய கேள்வி இருக்கு. கடன் ஏறினதால வளர்ச்சி குறைஞ்சுதா, வளர்ச்சி குறைஞ்சதால கடன் ஏறுச்சா? ஜிடிபி சுருங்கினா கடன் ஒரு ரூபா கூட ஏறாமலே சதவீதம் ஏறும், பின்னத்தோட கீழ இருக்குற எண்தானே சின்னதாகுது. அமெரிக்காவோட மைனஸ் 2.0ஐ எடுத்துக்கோங்க, அது இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச உடனே வந்த நாலு வருஷம், போர்ச்செலவு நின்னு போனதால உற்பத்தி இறங்கிச்சு, கடன் போருக்காக ஏற்கெனவே வாங்கினது. ரெண்டுக்கும் காரணம் போர். அதே ஆம்ஹெர்ஸ்ட்ல இருந்த அரிந்தரஜித் டுபே அதே மாசம் இதையே டேட்டாவுல போட்டுக் காட்டினாரு: இன்னைக்கு இருக்குற கடன் அளவு வரப்போற வருஷங்களோட வளர்ச்சியவிட, போன வருஷங்களோட வளர்ச்சியோடதான் அதிகமா ஒட்டிப் போகுது. 2014ல ஐஎம்எஃப்லயே வந்த ஒரு ஆய்வும் இப்படி ஒரு மாயக் கோடு எதுவும் தெரியல, கடன் எவ்வளவு இருக்குங்கிறதோட அது ஏறுதா இறங்குதாங்கிறதும் முக்கியம்னு சொல்லிச்சு. பெரி பேப்பர் 2014ல கேம்பிரிட்ஜ் ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்ல முறைப்படி அச்சாச்சு.

பெரி நடுநிலையான சென்டரானு ஒரு கேள்வி வரும், வரணும். இல்ல. செலவு வெட்டுக்கு எதிரான பொருளாதாரப் பார்வை உள்ளவங்க அங்க அதிகம், அதை அவங்க மறைக்கிறதும் இல்ல. அப்ப இது அரசியல் தாக்குதல்தானேனு சிலர் சொன்னாங்க. என் பதில், இருக்கட்டுமே. அந்த எண்ணைச் சந்தேகப்பட ஒருத்தருக்குக் காரணம் இருந்துச்சு, அதனாலதான் தேடினாங்க. அதை ஏத்துக்கணும்னு ஆசைப்பட்டவங்க மூணு வருஷமா தேடவே இல்லையே. தேடினதுக்கு அப்புறம் அவங்க சொன்ன எதையும் நம்பிக்கைல ஏத்துக்கச் சொல்லல, ஷீட்டையும் தங்களோட கணக்கையும் வெளிய வச்சாங்க, ரைன்ஹார்ட்டே பாத்து ஃபார்முலா தப்பை ஒத்துக்குற அளவுக்கு. மையத்துக்குச் சாய்வு இருக்கலாம், ஃபைல் திறந்து இருக்கணும். இடதுசாரி சென்டர் சொன்னதை வலதுசாரி சென்டர் சரிபாக்க முடியணும், அதுவே மறுபக்கமும். எந்தப் பக்கமும் சாயாத சென்டரைத் தேடுறவங்களுக்குக் கடைசில கிடைக்கப்போறது எதையுமே சொல்லாத சென்டர்தான்.

இந்தத் திறந்த ஃபைல் விஷயத்துல அரசியல் அறிவியல்காரங்க கொஞ்சம் முன்னாடியே விழிச்சுக்கிட்டாங்கனு சொல்லலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஐசிபிஎஸ்ஆர் 1962ல இருந்து தேர்தல் சர்வே டேட்டாவச் சேத்து வச்சு மத்த பல்கலைக்கழகங்களுக்குப் பகிர்ந்துட்டு இருக்கு. கருத்துக்கணிப்புகளுக்கு ரோப்பர் சென்டர் 1947ல இருந்தே இருக்கு. ஹார்வர்ட்ல கேரி கிங் 1995லயே மறுபடி போட்டுப் பாக்குறதை ஒரு நெறியாவே ஆக்கணும்னு எழுதினாரு, தன் கிளாஸ்லயும் மாணவர்களை அச்சான பேப்பர்களை எடுத்துப் போட வச்சாரு. ஆம்ஹெர்ஸ்ட் அசைன்மென்ட் தனிப்பட்ட அதிசயம் இல்ல, அந்தப் பழக்கத்தோட பலன்.

அப்புறம் என்ன மாறிச்சு? அமெரிக்கன் எகனாமிக் அசோசியேஷன் 2018ல டேட்டா எடிட்டர்னே ஒருத்தரை வச்சுது, 2019ல விதியை இறுக்கி, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கணக்குப் போட்ட ப்ரோகிராமையும் டேட்டாவையும் ஓட்டிப் பாக்குறாங்க. அந்த முறை 2010ல இருந்திருந்து மே இதழுக்கும் அது இருந்திருந்தா 44ஆவது வரிசைல நின்ன ஃபார்முலா பிடிபட்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா ஆஸ்போர்ன் பேசினது பிப்ரவரில. அதாவது அரசியலுக்குள்ள போனது ஜர்னல் பேப்பர் இல்ல, வொர்க்கிங் பேப்பர். இன்னைக்கும் அமைச்சர் மேசைக்குப் போறது பெரும்பாலும் சென்டர்கள் போடுற வொர்க்கிங் பேப்பரும் பாலிசி ப்ரீஃபும்தான், அந்த நாலு பக்க ப்ரீஃபுக்குப் பின்னாடி இருக்குற ஷீட்டை யாரும் ஓட்டிப் பாக்கணும்னு எந்த ஜர்னலோட விதியும் கட்டாயப்படுத்த முடியாது. அதை சென்டர்களே தங்களுக்குள்ள விதியா வச்சுக்கிட்டாத்தான் உண்டு: எண் வெளிய போற அன்னைக்கே ஃபைலும் போகணும், போறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பர்ல பேர் இல்லாத ஒருத்தர், மாணவரா இருந்தாலும் சரி, முதல்ல இருந்து போட்டுப் பாத்திருக்கணும்.